பச்சை மையில் ஒரு 'பேசுக'

போன மாதம் எங்கள் பழைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவத்தின் படம் வந்தது. அரசு மருத்துவமனைகளில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர்கள் நாற்பது பேர் இருக்கும் குழு அது. சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மறுபடியும் இந்தப் பக்கம் வருகிறதாம். வருவதற்கு முன் நிரப்ப வேண்டிய கேள்விப் பட்டியல். நான் வேலையில் இருந்தபோது இது காகிதத்தில் வரும். இப்போது இணையத்தில். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே மூன்றே விடைகள்: செயல்படுகிறது, செயல்படவில்லை, பொருந்தாது. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வரிசையின் கடைசியில் இருந்த 'குறிப்பு' என்ற கட்டத்தைக் காணோம்.

படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "கவிதாக்கா, ஒங்க கட்டத்தத் தூக்கிட்டாய்ங்க."

அடுத்தவர்: "அன்னைக்கு என்னதான் நடந்துச்சுன்னு ஒருக்கா முழுசா எழுதுங்கக்கா. ஆளுக்கு ஒரு கதை சொல்றாய்ங்க. நீங்க எம்.பி.ய அடிக்கப் போனதாக்கூட ஒருத்தன் சொல்றான்."

நான் யாரையும் அடிக்கப் போகவில்லை. ஒரு வால்வை மூடினேன். அதை எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஒன்பது வருடம் பார்த்த வேலை முடிந்துவிட்டது, திரும்பப் போகப்போவதில்லை. ஒப்பந்தப் பணி என்பதால் சால்வையும் கிடையாது, குழுப் படமும் கிடையாது. எனவே பணிநிறைவு உரை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருத்துவக் கருவிப் பொறியியல், நான்கு வருடம். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றரை வருடம் டயாலிசிஸ் இயந்திரங்களோடு. பிறகு மதுரைக்கு மேற்கே ஒரு தாலுகா மருத்துவமனையில் இந்த ஒப்பந்த வேலை. கோச்சடையில் வீடு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு வைத்திருப்பேன். கருவியின் பெயர், இடம், கடைசியாகச் சோதித்த நாள், என்ன குறை, யாரிடம் சொன்னேன். "ரேஷன் கடைக்காரி வாரா" என்று வார்டில் கேலி பேசுவார்கள். நான் கவலைப்பட்டதில்லை.

பெருந்தொற்றுக்குப் பிறகு எங்கள் மருத்துவமனைக்கு ஓர் ஆக்சிஜன் உற்பத்தி நிலையம் வந்தது. பின்பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நிறுவினார்கள். வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, ஈரத்தை உலர்த்தி, இரண்டு உயரமான உருளைகளுக்குள் அனுப்பும். உருளைகளுக்குள் இருக்கும் மணல்போன்ற குருணைகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் வெளியே வரும். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு சுத்தம் இருக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். தொண்ணூறுக்குக் கீழே போனால் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. முன்பக்கப் பலகையில் அந்த எண் பச்சையாக எரியும். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் பணியாளர் அந்த எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆண்கள் வார்டிலிருந்து தனம் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். பெருமாள் என்று ஒரு விவசாயக் கூலி, ஐம்பத்தெட்டு வயது, நுரையீரல் நோய். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். ஆக்சிஜன் ஓட்டம் நிமிடத்துக்குப் பத்து லிட்டரில் இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டிய கருவி எண்பத்து மூன்று காட்டியது.

"கவிதா, இந்த விரல் மெஷினப் பாரு. கோளாறா இருக்கும்னு நெனைக்கிறேன். ராத்திரியில இருந்து எம்புட்டு வச்சாலும் ஏற மாட்டேங்குது."

என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று எட்டு. சிஸ்டரின் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று ஏழு. கருவியில் கோளாறு இல்லை. மாஸ்க்கை மாற்றினேன், குழாயை மாற்றினேன், ஓட்டம் காட்டும் மீட்டரை மாற்றினேன். எண்பத்து மூன்று.

கட்டிலின் கால்மாட்டில் அவர் மனைவி ராக்கம்மா நின்றிருந்தார். "மெஷினத்தேன் மாத்தி மாத்திப் பாக்குற தாயி. உள்ள வார காத்தப் பாத்தியா?" என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

சுத்தம் அளக்கும் கைக்கருவி ஒன்று என்னிடம் இருந்தது. சுவர்க் குழாயில் அதை நேராகப் பொருத்த முடியாது. அவனியாபுரத்தில் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார்; முந்தைய வருடம் அவரிடம் ஒரு பித்தளை இணைப்பு கடைந்து வாங்கியிருந்தேன். "எம்புட்டு விட்டம்னு சரியாச் சொல்லு, உத்தேசம்னா நான் செய்ய மாட்டேன்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டுத்தான் செய்து கொடுத்தார். அதைப் பொருத்தி அளந்தேன். அறுபத்து இரண்டு.

மறுபடி அளந்தேன். அறுபத்து இரண்டு. பக்கத்துக் கட்டிலின் சுவரில், அறுபத்து ஒன்று.

சிலிண்டருக்கு மாற்றச் சொல்லிவிட்டு கொட்டகைக்கு ஓடினேன். பலகையில் 94.1 என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பதிவேட்டைப் பிரித்தேன். இன்று காலை 94.1. நேற்று மூன்று முறையும் 94.1. முந்தாநாள் 94.1. பக்கத்தைத் திருப்பத் திருப்ப அதே எண். சரியாகப் பத்தொன்பது நாள். அதற்கு முன்னால் 92.8, 93.5, 93.9 என்று ஏறி இறங்கியிருந்தது.

உயிரோடு இருக்கும் கருவி ஒரே எண்ணைக் காட்டாது. சுத்தத்தை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞை நின்றுபோய், கடைசியாகக் காட்டிய எண் அப்படியே உறைந்திருந்தது. காற்றின் ஈரத்தை எடுக்கும் உலர்த்தி கெட்டு, குருணைகளில் ஈரம் ஏறி, சுத்தம் நாளுக்கு நாள் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பலகை அதைச் சொல்லவில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் நான் மூன்று முறை கையெழுத்துப் போட்டிருந்தேன். பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் எண்ணைப் பார்த்து எழுதினார்கள். அந்த எண் ஏன் அசையவில்லை என்று கேட்க வேண்டியவள் நான்.

மதியத்துக்குள் பெருமாளுக்குத் தொண்ணூற்று ஒன்று வந்தது. பதினோராம் நாள் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். அந்தப் பத்தொன்பது நாளில் குழாய் ஆக்சிஜனில் இருந்தவர்கள், இறந்தவர்கள். இறந்தவர்கள் நான்கு பேர். வார்டு மருத்துவரிடம் காட்டினேன். "இதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது கவிதா" என்றார். 'காரணம்' என்று நான் போட்டிருந்த பத்தி இன்றுவரை காலியாக இருக்கிறது.

இனி தலைமை மருத்துவரைப் பற்றி. அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. போனால் நாற்காலியைக் காட்டி "உக்காரும்மா" என்பார். டீ சொல்வார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அவர் எதையும் மறுத்து எழுதியதில்லை. பிடிக்காத குறிப்பு மேசைக்கு வந்தால், ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல் எழுதுவார்: பேசுக.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும். 'பேசுக' என்று வந்தால் கீழே இருப்பவர் நேரில் போக வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அதே பக்கத்தில் 'பேசப்பட்டது' என்று எழுதிவிட்டு, அவர் விருப்பப்படி வேறு குறிப்பு வைக்க வேண்டும். அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது கோப்பில் எங்கும் இருக்காது.

நிலையத்தை நிறுத்தியிருக்கிறேன், குருணைகளை மாற்ற வேண்டும், அதுவரை சிலிண்டர் வேண்டும் என்று நான் வைத்த குறிப்புக்கு 'பேசுக' வந்தது.

"நிறுத்திட்டியே, அது போதும். எழுதி வச்சா, பத்தொம்பது நாளு என்ன பண்ணுனீகன்னு கேப்பாய்ங்க. மொதக் கேள்வி ஒனக்குத்தான் வரும்."

"வரட்டும் சார்."

"வரட்டும்னு லேசாச் சொல்ற. நானும்ல பதில் சொல்லணும்? கம்பெனிக்காரன்ட்டப் பேசுறேன். பேசியே முடிச்சிருவோம்."

மூன்று மாதத்தில் மூன்று குறிப்பு வைத்தேன். மூன்று 'பேசுக', ஆறு டீ. அவர் போனில் பேசி வாங்கிய சிலிண்டர் வந்துகொண்டிருந்தது, நிலையம் நின்றிருந்தது, காகிதத்தில் அது பழுதாகவே இல்லை.

அப்போதுதான் நாடாளுமன்றக் குழுவின் கேள்விப் பட்டியல் வந்தது.

அந்தக் குழு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கும் அதுவரை தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரு அவைகளிலிருந்தும், எல்லாக் கட்சிகளிலிருந்தும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அமைச்சகத்துக்கு அது உத்தரவு போட முடியாது. யாரையும் மாற்ற முடியாது. ஒரு சிலிண்டர்கூட ஒதுக்க முடியாது. கேள்வி கேட்கலாம். அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். நேரில் போய்ப் பார்க்கலாம். பார்த்ததை அறிக்கையாக எழுதி, இன்னின்ன செய்யுங்கள் என்று பரிந்துரைக்கலாம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு விடை சொல்லியாக வேண்டும்: ஏற்றோம், அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை. அந்த விடையையும் குழு திரும்பப் படிக்கும். திருப்தி இல்லை என்றால் அதையும் அச்சிட்டு அவையில் வைக்கும்.

நாட்டின் சுகாதாரக் கொள்கையைக் கண்காணிக்கும் பலகை தில்லியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் சென்சார் தாலுகாவில் இருக்கிறது. நாங்கள் எழுதும் விடை மாவட்டத்துக்குப் போகும். மாவட்டம் கூட்டிச் சென்னைக்கு அனுப்பும். சென்னை கூட்டி அமைச்சகத்துக்கு அனுப்பும். எங்கள் அறுபத்து இரண்டை நாங்களே 94.1 என்று எழுதிவிட்டால் மேலே யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் இன்னொன்றும் இருந்தது. நிலையம் 'செயல்படுகிறது' என்று காகிதத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு, கையிருப்புக்கு வேண்டிய சிலிண்டர் மட்டுமே வரும். மற்றது நிற்கும். நின்றால் வார்டு மறுபடி அந்தக் குழாய்க்குத்தான் போக வேண்டும்.

தட்டச்சான விடையில் 'செயல்படுகிறது' என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் அதை அடித்துவிட்டு 'செயல்படவில்லை' என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: 'இயந்திரம் ஓடும். அதிலிருந்து வரும் வாயு நோயாளிக்குத் தரத் தகுந்ததல்ல.' கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பேசுக.

"சுவிட்சப் போட்டா ஓடுதாம்மா, இல்லையா?"

"ஓடுது சார்."

"ஓடுறதுக்குப் பேரு என்ன?"

"நம்ம வீட்டு மிக்சி ஓடுது சார். அதுல வர்ற காத்தையும் பெருமாளுக்குக் குடுக்கலாமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஒன்னைய எனக்குப் புரியுது. ஆனா கமிட்டி வர்றதுக்குப் பத்து நாளுக்கு முன்னாடி வந்து இதச் சொன்னா மாவட்டத்துல என்னைய என்ன கேப்பாய்ங்க? வந்து பாத்துட்டுப் போகட்டும். போன மறுநாளே குருணை மாத்துறேன். சத்தியமா."

நான் என் இடத்துக்கு வந்து, அந்தப் பக்கத்தை எடுத்து, பச்சை எழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'பேசப்பட்டது.' வழக்கமாக அங்கே நிறுத்துவார்கள். நான் நிறுத்தவில்லை. 'செயல்படுகிறது என்று விடையை மாற்றித் தருமாறும், குழு வந்து சென்றபின் குருணைகள் மாற்றப்படும் என்றும் கூறினார்கள். சுவர்க் குழாயில் அளந்த சுத்தம் அறுபத்து இரண்டு என்பதால் மாற்றித் தர இயலாது எனத் தெரிவித்தேன்.' நாள், நேரம், கையெழுத்து.

கோப்பு அவர் மேசைக்குப் போனபோது நான் வாசலில் நின்றிருந்தேன். படித்தார். பேனாவை மூடினார். சட்டைப் பையில் செருகாமல் மேசைமேலேயே வைத்தார். அன்று பேச்சு இல்லை என்று தெரிந்தது. அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். வேறு தாளில் விடை தட்டச்சாகி, என் கையெழுத்துக்கான இடம் இல்லாமல், மாவட்டத்துக்குப் போனது.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நிலையத்தை நிறுவிய கம்பெனியின் ஆள் சரவணன் வந்தார். புதிய சென்சார் மாட்டினார். பலகை உண்மையைச் சொல்லத் தொடங்கியது: 61.4. கைப்பேசியில் யாரிடமோ பேசினார்: "மாப்ள, இது அறுவதுல கெடக்குடா. சின்ன சிலிண்டர் ஒண்ணு ஏத்தி விடு." பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நீங்க சாப்பிடப் போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் சாப்பிடப் போகவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆக்சிஜன் வந்து சேரும் தொட்டியிலிருந்து சென்சாருக்கு வாயு கொண்டுபோகும் மெல்லிய குழாயை வெட்டி, நடுவில் மூன்று வாய் இணைப்பு ஒன்றை வைத்தார். மூன்றாம் வாயில் ஒரு சிறு சிலிண்டர். அதன் அழுத்தம் அதிகம் என்பதால் தொட்டியின் வாயுவைப் பின்னுக்குத் தள்ளி, சென்சாருக்குச் சுத்தமான ஆக்சிஜன் மட்டும் போகும். சிலிண்டரைப் பலகைக்குப் பின்னால் வைத்து, சாக்கால் மூடினார். பலகை 95.2 காட்டியது. வேலை சுத்தமாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு நாளும் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். எழுந்து நின்று பேசினால்: நேரம் தரமாட்டார்கள், மொழி தெரியாது, 'ஒப்பந்த ஊழியர், மனக்குறை' என்பார்கள். மனு கொடுத்தால்: மாவட்டத்துக்கே திரும்பி வரும். ஒன்றும் செய்யாவிட்டால் என்ற வரிக்கு எதிரே நான்கு பெயர்களை எழுதினேன்.

குழு காலை பதினொன்றரைக்கு வந்தது. எங்களுக்கு ஒதுக்கிய நேரம் பதினைந்து நிமிடம். பூங்கொத்து, இளநீர், பிரசவ வார்டு, பிறகு கொட்டகை. உறுப்பினர்கள் ஐந்து பேர், அவர்களோடு செயலகத்து அலுவலர் ஒருவர், மாவட்ட அதிகாரிகள். நிலையம் பெருஞ்சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே ஏதோ மாநிலத்து உறுப்பினர், நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்த அம்மையார், பலகைக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த எண் என்ன?"

"சுத்தம் மேடம். தொண்ணூற்று ஐந்து" என்றார் தலைமை மருத்துவர்.

என்னைப் பின்வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசை பலகைக்குப் பக்கவாட்டில் இருந்தது. நான் இரண்டு எட்டு வைத்து, சாக்கைத் தூக்கி, சிலிண்டரின் வால்வை வலப்பக்கம் திருகி மூடினேன். யாரும் தடுக்கவில்லை. பராமரிப்பு ஊழியை ஏதோ வால்வைத் திருகுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதல் சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 95.0. 93.6. 89. எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. 80. 74. அந்த அம்மையார் நகரவில்லை. மற்றவர்கள் இளநீரோடு திரும்பி நின்றார்கள். 66. 62. 61.3 என்று வந்து, 61.5, 61.2 என்று அசைந்துகொண்டே நின்றது.

"எது சரியான எண்?" என்று அவர் கேட்டார். தலைமை மருத்துவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

"இப்போது தெரிவதுதான், மேடம்."

"நீங்கள் யார்?"

"இந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போடுகிறவள்."

செயலகத்து அலுவலர் குறிப்பேட்டில் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. நான் சொன்னதும் பதிவேட்டையும், 'பேசப்பட்டது' என்று நான் எழுதிய கோப்பையும் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். பதினைந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. மாவட்ட அதிகாரி ஒருவர் என்னருகே வந்து, "நல்லா இருப்பம்மா நீ" என்றார். அது வாழ்த்து இல்லை.

வண்டிகள் போனபின் தலைமை மருத்துவர் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நடந்தவை. அந்த வாரமே சிலிண்டர் ஒதுக்கீடு உறுதியானது. ஐந்து மாதத்தில் குருணைகளும் உலர்த்தியும் மாறின. குழுவின் அறிக்கையில், எந்த மருத்துவமனையின் பெயரும் இல்லாமல், ஒரு பத்தி வந்தது: சுத்தத்தை இயந்திரத்தின் பலகையில் பார்த்து எழுதாமல், நோயாளியின் படுக்கையருகே சுவர்க் குழாயில் அளக்க வேண்டும். அரசின் விடை, 'குறித்துக்கொள்ளப்பட்டது'. குழு அதை ஏற்கவில்லை; திரும்பக் கேட்டது. இரண்டாம் முறை வந்த விடையில், அளப்பதற்கு உத்தரவு இருந்தது. இப்போது வார்டுகளில் வாரம் ஒருமுறை சுவரில் அளக்கிறார்கள். அப்பா கடைந்தது போன்ற இணைப்பைத் தனியாக விற்கிறார்களாம். அப்பாவிடம் சொன்னபோது, "பித்தளையா, அலுமினியமா?" என்று மட்டும் கேட்டார்.

என் ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில் முடிந்தது. புதுப்பிக்க வேண்டிக் கோப்பு போயிருந்தது. விடை வரவில்லை. கடைசி நாளன்று தனம் சிஸ்டர் கேட்டார்: "என்னடி ஆச்சு ஒன் ஆர்டரு?" தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து அந்தக் கோப்பின் நகலை வாங்கினேன். ஒரே ஒரு பக்கம். என் பெயர், பணிக்காலம், 'புதுப்பிக்கலாம்' என்று அலுவலக எழுத்தரின் பரிந்துரை. ஓரத்தில், நகலில் கறுப்பாகத் தெரிந்தாலும் எனக்குப் பச்சையாகத் தெரிகிற ஒரு சொல்: பேசுக.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பேசவில்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே பக்கம் முழுவதும் காலி.

புதிய படிவத்தில் குறிப்புக் கட்டம் இல்லை என்று வாட்ஸ்அப் குழுவில் புலம்புகிறவர்களுக்கு: எனக்கும் யாரும் கட்டம் போட்டுத் தரவில்லை. 'பேசப்பட்டது' என்பதற்குப் பிறகு எழுதக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை. யாரும் எழுதியதில்லை, அவ்வளவே. படிவத்தை அச்செடுங்கள். 'செயல்படுகிறது' என்பதற்குக் கீழே உங்கள் கைக்கருவி காட்டிய எண்ணை எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். தபாலைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

அந்த நகல் என் மேசைமேல் இருக்கிறது. காலி இடத்தில் இன்று காலை எழுதினேன்: 'பேசப்பட்டது.' அதன் கீழே மேலே உள்ள எல்லாவற்றையும் எழுதி, நாள் போட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.